மலையிலிருந்து ஆறுவரை ஒரு விசிறி மடிப்பு

சித்திரை பிறந்ததும், மதுரைத் திருவிழாவுக்காக மலையிலிருந்து வைகைக்கு இறங்கிவரும் அழகருக்கு முன்பே அழகர்கோவில் சாலைக்கு வந்துவிடுவது தாள். வழியில் சாமி தங்கிப்போகும் மண்டகப்படிகளின் பத்திரிகை, அன்னதான நோட்டீஸ், சுவரொட்டி, சணலில் ஒட்டிய கலர்த்தாள் தோரணம். சாமி மலைக்குத் திரும்பிய மறுநாள் அத்தனையும் குப்பை. தாள் துணுக்குகளை நோட்டில் ஒட்டிச் சேர்க்கும் ஸ்கிராப்புக் பித்து உள்ளவர்கள் பையோடு கிளம்ப வேண்டிய நாள் அதுதான்.

இந்தக் கலையில் இப்போதைய மோகம் ‘ஜங்க் ஜர்னல்’. கடை ஸ்டிக்கரைத் தள்ளிவிட்டு டிக்கெட், ரசீது, பொட்டலத்தாள், பழைய உறை என்று கையில் சிக்கியதை ஒட்டி நோட்டாக்குவது. தீப்பெட்டிப் படம் சேர்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் புதுமை பெரிதாகத் தெரியாது. ஆனாலும் பக்கத்துக்கு ஒரு பார்டர், மூலைக்கு ஒரு பட்டாம்பூச்சி என்று அலங்கரித்தால் எந்த ஊர்த் திருவிழாவும் பிறந்தநாள் பரிசு ஆல்பம் போலாகிவிடும்.

அலங்காரத்தைவிட வடிவம் முக்கியம்; அழகர் தாள்களுக்கு வாகானது விசிறி மடிப்பு. நீளமான ஒரே தாளை முன்னும் பின்னுமாக மடித்து, இரு முனையிலும் அட்டை வைப்பது. பிரித்தால் புத்தகம் பாதையாகிவிடும். காவல் தெய்வமான பதினெட்டாம்படிக் கருப்பிடம் விடைபெற்று, கள்ளந்திரி, அப்பன் திருப்பதி, கடச்சனேந்தல், மக்கள் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை நடக்கும் மூன்றுமாவடி, தல்லாகுளம், வைகை, வண்டியூர் என மடிப்புக்கு ஓர் ஊர். வழியிலுள்ள மண்டகப்படிகளோ நானூற்றுக்கும் மேல். எதை விடுவது என்பதில்தான் கைத்திறன் தெரியும். தாளைத் திருப்பினால் பின்பக்கம் முழுக்கத் திரும்பும் வழி.

ஒட்டுவதுதான் ரோதனை. அதில் நொந்தவர்களுக்காக அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன், தண்ணீர் தடவினால் ஒட்டும்படி பசை பூசிய பக்கங்கள் கொண்ட ஸ்கிராப்புக்குக்கு 1873இல் காப்புரிமையே வாங்கினார். நம் பைண்டிங் பட்டறைகளில் மைதாவைக் காய்ச்சி, பூச்சி அண்டாமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். மாவுப் பசையில் ஒரு நல்ல குணம் உண்டு: பின்னால் ஈரம் காட்டிப் பிரித்துவிடலாம். செலோ டேப்போ சில வருடத்தில் காய்ந்து உதிர்ந்து, பழுப்புக் கறையை மட்டும் விட்டுப்போகும்.

தோரணத்தாளில் ஈரப்பசை பட்டால் சாயம் ஓடும். பொதுவாக இது தொல்லை. வைகைப் பக்கத்தில் மட்டும் வரம். வெள்ளைத் தாளின்மேல் பச்சையும் ரோஸுமாக நறுக்கிய துண்டுகளைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, காய்ந்ததும் எடுத்துவிட்டால் தாள் போய்ச் சாயம் நிற்கும். தோப்பறை என்னும் தோல் பையிலிருந்து அழகர்மேல் தண்ணீர் பீய்ச்சும் கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான பின்னணி அச்சில் கிடைக்காது. பச்சைப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்கினால் நாடு செழிக்கும் என்பது நம்பிக்கை. பட்டின் நிறம் வருடத்துக்கு வருடம் மாறலாம் என்பதால், அந்த வருடத்துப் பட்டின் நிறத்தையே சாயமாக விடலாம்.

சிலவற்றை ஒட்டவே கூடாது. அழகரைப் பாடும் வர்ணிப்புப் பாடல்களின் சிறுநூல் ஒன்று கிடைத்தால் அதற்கு ஒரு தாள் பை செய்து செருகுவதே மரியாதை. படிக்க வெளியே வர வேண்டிய புத்தகம் அது. அழகர் கோயிலைப் பற்றித் தொ. பரமசிவன் எழுதி 1989இல் நூலான ஆய்வில் இந்த வர்ணிப்புகளும் இடம்பெற்றன. மெஷின் பஸ் டிக்கெட்டில் வெப்பத்தால் பதிந்த எழுத்து தானே மங்கிவிடும் என்பதால் நகலெடுத்து வைக்க வேண்டும். நாளிதழ்த் தாளையும் அப்படியே. மரக்கூழிலுள்ள லிக்னின் அதை மஞ்சளாக்கி, பக்கத்துத் தாளையும் கெடுக்கும். துளசியா? நன்றாக உலர்த்தி, பட்டர் பேப்பர் உறைக்குள்.

பின்பக்கத்தின் கடைசி மடிப்பு கோயில் வாசல். திரும்பிவரும் அழகருக்கு அங்கே பெண்கள் பூசணிக்காயில் சூடமேற்றித் திருஷ்டி கழிப்பார்கள். அந்த இடத்துக்குச் சூடப் பெட்டியின் மேலட்டை போதும்; மடிப்பைத் திறக்கும்போது கொஞ்ச நாளைக்கு வாசனையும் வரும்.