அப்டேட் எந்த வாசல் வழியாக வரட்டும்?

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை இரவு, நம் நேரப்படி பத்தரை அல்லது பதினொன்றரை மணிக்கு, மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்பு பேட்ச்களை வெளியிடுகிறது. புதன் காலை அலுவலகம் திறந்ததும் எல்லாக் கணினிகளும் ஒரே இணைய இணைப்பில் அதே கோப்பைத் தனித்தனியாக இறக்கத் தொடங்கினால் அன்று பில் போடுவதுகூட நின்றுபோகும். இதற்குத்தான் 2005இல் டபிள்யூசஸ் (விண்டோஸ் சர்வர் அப்டேட் சர்வீசஸ்) வந்தது. நம் சர்வர் ஒரு முறை இறக்கும், நாம் பார்த்து ஒப்புதல் தருவோம், மற்ற கணினிகள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

2024 செப்டம்பரில், டபிள்யூசஸில் இனிப் புதிய வசதிகள் வராது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் சர்வர் 2025இலும் அது இருக்கிறது, வேலையும் செய்கிறது. ஆனாலும் அலுவலகக் கணினிகள் அப்டேட்டை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்ற கேள்வியை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. குரூப் பாலிசியில் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. ஃபீச்சர் அப்டேட், மாதாந்தர குவாலிட்டி அப்டேட், டிரைவர், பிற மைக்ரோசாஃப்ட் மென்பொருள் என்று நான்கு வகை. ஒவ்வொன்றுக்கும் விண்டோஸ் அப்டேட்டா, நம் சர்வரா என்று தனித்தனியாகச் சொல்லலாம். நான்கு கணினிகளை ஒதுக்கி இதைச் சோதித்தேன்.

முதல் நாளே ஒன்று புரிந்தது. ரெஜிஸ்ட்ரியில் இந்த நான்கு வகைகளுக்கான மதிப்புகளையும் கையால் எழுதினால் மட்டும் போதாது. வகைவாரித் தேர்வைப் பயன்படுத்து என்று சொல்லும் ஐந்தாவது மதிப்பையும் 1 என்று வைக்க வேண்டும். குரூப் பாலிசி வழியாகச் செய்தால் அதுவே எழுதிக்கொள்ளும். நான்கில் ஒன்றைக்கூட நிரப்பாமல் விடாதீர்கள்.

குவாலிட்டி அப்டேட்டை நேராக மைக்ரோசாஃப்டிலிருந்தே எடுக்கச் சொன்னேன், ஐந்து நாள் தாமதத்தோடு. முப்பது நாள் வரை தள்ளிப்போட அனுமதி உண்டு. ஆனால் அவ்வளவு தள்ளக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். வான்னாகிரை என்ற ரான்சம்வேர் பயன்படுத்திய ஓட்டைக்கு 2017 மார்ச் 14 அன்றே பேட்ச் வந்துவிட்டது. தாக்குதல் நடந்தது மே 12 அன்று. டபிள்யூசஸில் தானாக ஒப்புதல் தரும் விதியைப் போடாவிட்டால், யாராவது ஒப்புதல் பொத்தானை அழுத்தினால்தான் பேட்ச் போகும். அழுத்த வேண்டியவர் விடுப்பில் போனாலோ வேலை மாறிப் போனாலோ அது அங்கேயே கிடக்கும். ஆள் மறந்தாலும் தாமத நாட்கள் முடிந்ததும் தானாகப் போகிற ஏற்பாடுதான் சின்ன அலுவலகத்துக்குப் பாதுகாப்பு.

அப்படியானால் இணைய இணைப்பு தாங்குமா? அதைத்தான் அதிக நேரம் பார்த்தேன். டெலிவரி ஆப்டிமைசேஷன் என்ற வசதி, ஒரு கணினி இறக்கிய துண்டுகளைப் பக்கத்துக் கணினிக்குக் கொடுக்கும். அதற்கு 7680ஆம் போர்ட் திறந்திருக்க வேண்டும். எவ்வளவு மைக்ரோசாஃப்டிலிருந்து வந்தது, எவ்வளவு உள்ளூர் கணினிகளிலிருந்து வந்தது என்பதை விண்டோஸ் அப்டேட் அமைப்புகளுக்குள்ளேயே படமாகப் பார்க்கலாம். முதல் கணினி முழுதாக இறக்கி முடித்த பிறகு மற்ற மூன்றையும் எழுப்பினேன், அவை பெரும்பகுதியை அதனிடமிருந்தே வாங்கிக்கொண்டன. பேட்டரியில் ஓடும் லேப்டாப்கள் இயல்பாக யாருக்கும் கொடுக்காது என்பதால், எப்போதும் மின்சாரத்தில் இருக்கும் ஒரு மேசைக் கணினியாவது இருப்பது நல்லது.

கிளைகள் உள்ளவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். ஒரே பொது ஐபி முகவரிக்குப் பின்னால் இருக்கும் எல்லாக் கணினிகளையும் இந்த வசதி ஒரே இடம் என்று எடுத்துக்கொள்ளும். தலைமை அலுவலகம் வழியாகவே இணையத்துக்குப் போகிற கிளை என்றால், துண்டுகள் அந்த மெல்லிய இணைப்பில் குறுக்கும் நெடுக்கும் ஓடும். பகிர்வை அதே சப்நெட்டுக்குள் நிறுத்தும் அமைப்பு இருக்கிறது, அதை முதலிலேயே போட்டுவிடுங்கள்.

ஃபீச்சர் அப்டேட்டை மட்டும் நம் சர்வரிடமே விட்டேன். வருடத்துக்கு ஒரு முறை வருவது, கணக்கு மென்பொருளையே பாதிக்கக்கூடியது. அதற்கு மனித ஒப்புதல் தேவை. டிரைவரையும் சர்வருக்கே திருப்பினேன், ஆனால் சர்வரில் டிரைவர் வகையைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆக, டிரைவர் எதுவும் தானாக வராது. பிரின்டர் திடீரென மக்கர் செய்வது இதனால் குறையும், ஆனால் வைஃபை, டிஸ்ப்ளே டிரைவர்களின் பாதுகாப்புத் திருத்தங்களைத் தயாரிப்பாளரின் கருவி வழியாக நாமே தேடிப் போட வேண்டும். ஆஃபீஸ் 365 இந்த நான்கு வகைகளில் எதிலும் வராது, அது தன் சொந்த வழியில் அப்டேட் ஆகிக்கொள்ளும்.

கணினி நம் சர்வரை மட்டுமே பார்க்கும்போது, கூடுதல் அம்சம் ஒன்றை நிறுவப் போனால் 0954 என்று முடியும் பிழை எண் வரும். அந்தக் கோப்பு சர்வரில் இருக்காது என்பதே காரணம். கூடுதல் அம்சங்களை நேராக விண்டோஸ் அப்டேட்டிலிருந்து எடு என்ற பாலிசியைத் தனியாகப் போட்டால் சரியாகிவிடும். விண்டோஸ் அப்டேட்டின் இணைய முகவரி எதையும் தொடாதே என்று இன்னொரு பாலிசி உண்டு. பழைய வழக்கப்படி நான் அதைப் போட்டே வைத்திருந்தேன். போட்டால் ஸ்டோரும் மேலே சொன்ன பகிர்வும் சேர்ந்து நின்றுபோகலாம். எடுத்துவிட்டேன்.

பழைய சர்வர் எங்காவது மூலையில் ஓடிக்கொண்டிருந்தால் இன்றே போய்ப் பாருங்கள். 2025 அக்டோபரில் டபிள்யூசஸிலேயே, வெளியாள் கடவுச்சொல் இல்லாமல் தன் கட்டளையை ஓடவைக்கக்கூடிய ஓட்டை வெளிப்பட்டு, 23ஆம் தேதி அவசர பேட்ச் வந்தது. 8530, 8531 போர்ட்கள் வெளி இணையத்துக்குத் திறந்திருக்கவே கூடாது. பேட்ச் கொடுக்கும் சர்வருக்கே பேட்ச் போடாமல் விட்ட இடங்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

எங்கள் சோதனைக்கூடத்தில் இணையமே இல்லாத சில கணினிகள் இருக்கின்றன. அவற்றுக்காகவும் டபிள்யூசஸை வைத்திருக்கிறேன். மாதம் ஒரு முறை உட்கார்ந்து ஒப்புதல் தரும் வேலைக்கு ஒருவர் பெயரையும், அவர் இல்லாதபோது செய்ய இன்னொருவர் பெயரையும் எழுதி சர்வர் அறைக் கதவில் ஒட்டியாயிற்று.