க்சாண்டன் நகரின் ரோமத் தொல்லியல் பூங்கா: ஒரு மதிப்பீடு

புதிய ஏற்பாட்டைக் கற்பிப்போரும் கற்போரும் ரோமப் பேரரசைப் பற்றிப் பேசாமல் ஒரு வாரத்தையேனும் கழிப்பதில்லை. நூற்றுக்கு அதிபதியும், தேசாதிபதியும், இராயனுக்கு அபயமிட்ட அப்போஸ்தலனும், எஜமானை விட்டு ஓடிய அடிமையும் நம் வகுப்பறைகளிலும் பிரசங்க பீடங்களிலும் அடிக்கடி நடமாடுகின்றனர். ஆயினும் அவர்கள் நடமாடிய உலகு எவ்வாறிருந்தது என்று ஒருவர் கேட்பாராயின், நம்மிற் பலர் நினைவிற்கு வருவன ஞாயிறு பள்ளிப் படங்களில் கண்ட வெண்பளிங்குத் தூண்களே. இந்நிலையில், அவ்வுலகின் ஒரு நகரத்தைக் கல்லாலும் மரத்தாலும் மீண்டும் எழுப்பிக் காட்டும் ஓரிடம் இருக்குமாயின், அது எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாது விடுகிறது என ஆராய்வது இறையியல் ஏட்டிற்குப் புறம்பான வேலையாகாது. ஜெர்மனியின் மேற்கெல்லையை அடுத்து, ரைன் ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள க்சாண்டன் அத்தகையதோர் இடம்.

கி.பி. 100ஐ ஒட்டிய ஆண்டுகளில் திராயான் பேரரசன் அங்கே தன் பெயரால் ஒரு குடியேற்ற நகரை நிறுவினான். கொலோனியா உல்பியா திராயானா என்பது அதன் பெயர். ஏறத்தாழ 73 ஹெக்டேர் பரப்பும், பத்தாயிரம் அளவினரான மக்களும் கொண்டதாக அது விளங்கியது. பித்தினியாவின் ஆளுநனாகிய இளைய பிளினி, கிறிஸ்தவர்களை என் செய்வது என்று கேட்டு மடல் விடுத்தது இதே திராயானுக்குத்தான் என்பதை நம் மாணவர் அறிவர். உண்மையை வரவழைக்கும் பொருட்டு, சபையில் ஊழியக்காரிகள் எனப்பட்ட இரண்டு அடிமைப் பெண்களைத் தான் வதைத்ததாகப் பிளினி அம்மடலில் அமைதியாகவே எழுதுகிறான். இச்செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டு பூங்காவினுள் நுழைவது நன்று.

ரைன் கரையில் ரோமர் நிறுவிய பிற நகரங்களுக்கு நேர்ந்தது வேறு. கொலோன் நகரில் ரோம வீதிகளின்மேலேயே இடைக்கால வீதிகளும், அவற்றின்மேல் இன்றைய வீதிகளும் அமைந்துவிட்டன. க்சாண்டனிலோ மக்கள் பழைய நகரைக் கைவிட்டு, அதற்கு வெளியே ஒரு கல்லறையைச் சூழ்ந்து குடியேறினர். ‘பரிசுத்தவான்களிடத்தில்’ எனப் பொருள்படும் ‘அத் சாங்க்டோஸ்’ என்னும் இலத்தீன் தொடரே திரிந்து க்சாண்டன் ஆயிற்று. கைவிடப்பட்ட நகரின் கற்கள் பெயர்க்கப்பட்டுப் பிற கட்டடங்களுக்குச் சென்றன, நிலம் வயலாயிற்று. ஆகவே மேலே ஒன்றும் எஞ்சாவிடினும் அடித்தளங்கள் மண்ணுள் கலையாது கிடந்தன. கடந்த நூற்றாண்டின் இடைப்பகுதியில் தொழிற்சாலைகள் அந்நிலத்தை நெருங்கிய போதுதான் அதனைக் காப்பது எவ்வாறு என்ற கேள்வி எழுந்தது. 1977இல் திறக்கப்பட்ட தொல்லியல் பூங்கா அதற்குக் கிடைத்த விடை.

மீட்டெழுப்புதல் என்னும் செயலைத் தொல்லியலார் பலர் ஐயத்தோடே நோக்குகின்றனர். அடித்தளத்தைக் கொண்டு சுவரின் தடிப்பை அறியலாம். கூரையின் சாய்வை அறிதல் அரிது. உத்தரத்தில் தீட்டிய வண்ணத்தை அறிதல் பெரும்பாலும் ஊகமே. ஆனால் கல்லில் எழுந்து நிற்கும் ஊகம் ஊகமாகத் தோன்றாது. நூலில் ‘இருக்கலாம்’ என்று எழுத இடமுண்டு. சுவரில் அச்சொல்லை எழுத இயலாது. க்சாண்டன் பூங்காவின் துறைமுகக் கோவில் இவ்விக்கட்டை எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதைக் காணும்போதுதான் அதனை அமைத்தோரின் அறிவுநேர்மை புலனாகிறது. உயர்ந்த மேடையும், அதன்மேல் முழு உயரத்திற்கு எழும் சில தூண்களும் மட்டுமே அங்கு உள்ளன. எஞ்சியவை முடிக்கப்படாமலே நிற்கின்றன. மேடைக்கு அடியிற் சென்றால், பழங்காலத்து அடித்தளத்தையே நேரிற் காணலாம். தமக்குத் தெரிந்தது இம்மட்டு என்பதைக் கட்டடமே அறிக்கையிடுகிறது எனலாம். அக்கோவில் எந்தத் தெய்வத்துக்கு உரியது என்பதும் அறியப்படவில்லை. அதற்கு அவர்கள் ஒரு பெயரைப் புனைந்து சூட்டவுமில்லை. துறைமுகத்தருகே இருந்தமையால் துறைமுகக் கோவில் என்றே வழங்குகின்றனர். அத்தேனே பட்டணத்தில் பவுல் கண்ட பலிபீடத்தை நினையாமல் இம்மேடையைக் கடப்பது நமக்குச் சற்றே கடினம்.

இந்நேர்மையின் அருமை தெரிய, பிராங்பர்ட் நகருக்கு வடக்கே பாத் ஹோம்புர்க் அருகில் உள்ள சால்புர்க் கோட்டையை இதனோடு ஒப்பிடவேண்டும். அதுவும் ஒரு ரோமப் படைக்கோட்டையே. இரண்டாம் வில்ஹெல்ம் கைசரின் ஆணைப்படி 1897 முதல் 1907 வரை அது மீண்டும் கட்டப்பட்டது. வாயிலின் முன் நிற்கும் அந்தோனினுஸ் பியுஸ் பேரரசனின் சிலையின் கீழ், ரோமரின் பேரரசனுக்கு ஜெர்மானியரின் பேரரசன் வில்ஹெல்ம் அர்ப்பணித்தது என இலத்தீனில் பொறித்திருக்கின்றனர். அக்கோட்டையின் மதில்கள் இன்று கருங்கல்லின் முரட்டுத் தோற்றத்தோடு நிற்கின்றன. ஆனால் ரோமர் காலத்தில் அவை சுண்ணம் பூசி வெளுக்கப்பட்டிருந்தன. கற்களின் இணைப்புகள் போலச் செந்நிறக் கோடுகளும் மேலே தீட்டப்பட்டிருந்தன. கொத்தளப் பற்களும் இருக்கவேண்டியதினும் நெருக்கமாக அமைந்துவிட்டன. கட்டியோர் அறியாமையால் நேர்ந்த பிழை என்று இவற்றை விட்டுவிடலாம். எனினும் அவர்கள் மனக்கண்ணில் இருந்தது ரோமக் கோட்டையன்று, இடைக்காலத்து வீரர் கோட்டையே என்பதும், கைசருக்கு வேண்டியிருந்தது ரோமன்று, தன் பேரரசுக்கு ஒரு மூதாதையே என்பதும் ஒருங்கே புலப்படுகின்றன. கட்டி முடித்த ஏழாம் ஆண்டில் ஐரோப்பா போரில் இறங்கிற்று. வரலாற்று இயேசுவைத் தேடிச் சென்ற ஆராய்ச்சியாளர் தத்தம் காலத்தின் முகத்தையே கண்டு திரும்பினர் என ஆல்பர்ட் சுவைட்சர் தமது 1906ஆம் ஆண்டு நூலில் காட்டியதும் இதே ஆண்டுகளிலேயே. இவ்விரண்டையும் நம் மாணவர் ஒருசேரக் கற்பின் பயனுண்டு.

க்சாண்டன், சால்புர்க்கின் பிழையைச் செய்யவில்லை. அது செய்யும் பிழை வேறு, அதிகாரத்தின் ஆரவாரம் அதில் இல்லை, இனிமை மிகுந்துவிட்டது. வந்து தங்குவோருக்கென இருந்த விடுதி முழுமையாக எழுப்பப்பட்டுள்ளது. படுக்கையறைகள், சமையற்கட்டு, உணவுக்கூடம், நீராட்டறைகள் யாவும் அழகுற அமைந்துள்ளன. தரைக்கு அடியில் சிறு தூண்களை நிறுத்தி, அவற்றினூடே சூடான காற்றைச் செலுத்தி அறையைச் சூடேற்றிய ரோமரின் வெப்பமூட்டு முறையைப் பார்ப்போர் அனைவரும் வியக்கின்றனர், வியக்கத்தக்கதே. ஆனால் அத்தரைக்குக் கீழே வெளிப்புறத்தில் ஓர் அடுப்புவாய் இருந்தது. அதன் முன் புகையிலும் சாம்பலிலும் இருந்து விறகிட்டவன் ஒருவன் இருந்தான். அவன் பெரும்பாலும் அடிமை. நீராட்டறையின் வெப்பம் பார்வையாளருக்கு விளக்கப்படும் அளவுக்கு அவன் வாழ்வு விளக்கப்படவில்லை. பார்வையாளர் எல்லாரும் விருந்தினராகவே அவ்விடுதியில் நுழைகின்றனர். ஊழியக்காரனாக எவரும் நுழைவதில்லை.

பத்தாயிரம் பேர் அமரத்தக்கதாயிருந்த வட்டரங்கு, ஒரு பகுதி மட்டும் மீண்டும் உயர்த்தப்பட்டு நிற்கிறது. அங்கே இக்காலத்தில் இசை நாடகங்கள் நடைபெறுகின்றன. பூங்காவில் நடத்தப்படும் ரோமர் விழாவுக்கு ‘வாட்களும் அப்பமும் விளையாட்டுகளும்’ என்று பெயர். வேடம் தரித்தோர் படையணியாக நடக்கின்றனர், வாட்போர் வீரர் பொருதுகின்றனர், சிறுவர் கைதட்டுகின்றனர். சிறுவரைக் குறைகூற யாருக்கும் மனம் வாராது. ஆயினும் மனிதர் செத்ததைக் காண மனிதர் கூடிய ஓரிடத்தை விழாக்களமாக்குவதில், கல்விக்கும் களிப்புக்கும் இடையே உள்ள கோடு எங்கோ அழிந்துவிடுகிறது. இருபது நூற்றாண்டு கடந்தால் எந்தக் கொலையும் காட்சிப்பொருளாகலாம் எனில், எத்தனை ஆண்டு கடந்தால் போதும் என்பதை யார் வரையறுப்பது? பூங்காவினர் இக்கேள்வியைத் தம்மிடமே கேட்டுக்கொண்டதாகத் தோன்றவில்லை.

நியாயமாகப் பேசின், ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அண்மை ஆண்டுகளில் கைவினைஞர் வீடுகள் மூன்று அங்கே எழுப்பப்பட்டுள்ளன. மரச்சட்டங்களுக்கிடையே மண்ணை இடித்து இறுக்கிய சுவர்கள். பழைய கருவிகளையும் முறைகளையும் கையாண்டே அவற்றைக் கட்டியுள்ளனர். பளிங்கும் இல்லை, தூணும் இல்லை. கூடாரம் பண்ணுகிற தொழிலால் பிழைத்த பவுல் தங்கிய இல்லங்கள் எத்தகையன என்று வினவும் மாணவருக்கு, கோவிலைவிட இம்மண்வீடுகளே மிகுதியாகச் சொல்லும். வீட்டுச் சபை என்று நாம் எளிதிற் சொல்லிச் செல்லும் சொல்லுக்கு ஓர் உருவளவு கிடைக்கும்.

2008இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம், நகரின் பெருநீராட்டு மண்டபத்தின் நுழைவுக்கூடம் இருந்த அடித்தளத்தின்மேலேயே எஃகாலும் கண்ணாடியாலும் எழுந்துள்ளது. பழைய கூடத்தின் பரப்பையும் உயரத்தையும் புதுக் கட்டடம் பின்பற்றுகிறது. ஆனால் பழையதைப் போல வேடமிடவில்லை. இதுவும் பாராட்டத்தக்கது. உள்ளே சாய்தளங்களின் வழியே காலவரிசையில் ஏறிச் செல்கிறோம். ஆற்றுச் சரளைக் குழியிலிருந்து கிடைத்த தட்டையடிப் படகொன்று உயரத்தில் தொங்கவிடப்பட்டிருப்பது எவர் கண்ணையும் ஈர்க்கும்.

ஆயின் நின்று காணவேண்டியவை வேறு இரண்டு. ஒன்று, மார்க்குஸ் கேலியுஸ் என்னும் நூற்றுக்கு அதிபதியின் நினைவுக்கல். பொனோனியா நகரத்தவனும் 18ஆம் லேகியோனைச் சேர்ந்தவனுமாகிய அவன், கி.பி. 9இல் வாருஸ் என்னும் தளபதியின் மூன்று லேகியோன்கள் ஜெர்மானியக் காட்டில் அழிந்த போரில் மாண்டான். நாசரேத்தில் இயேசு சிறுவராயிருந்த காலம் அது. உடல் கிடைக்கவில்லை, சகோதரன் வெறுங்கல்லை நாட்டினான். எலும்புகள் கிடைப்பின் இங்கே வைக்கலாம் என்னும் அனுமதியும் அதில் வெட்டப்பட்டுள்ளது. மூலக்கல் இன்று பான் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. கேலியுஸின் மார்பில் பதக்கங்கள். கையில் அதிகாரக் கோல். அவனுக்கு இருபுறமும் இரண்டு சிறு தலைகள் செதுக்கப்பட்டுள்ளன. பிரிவாத்துஸ், தியாமினுஸ் என்னும் அவர்கள் கேலியுஸின் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்கள். எஜமானின் குலப்பெயரையே தாங்கியவர்கள். அவர்களும் அவனோடு மாண்டனரோ, கல்லில் சொல்லவில்லை. படத்தைப் பார்ப்போர் கேலியுஸைப் பற்றியே பேசுகின்றனர். பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தை விளக்கும் ஆசிரியர் இக்கல்லின் படத்தை வகுப்பில் வைத்து, அந்த இரு தலைகளிலிருந்து தொடங்குவாராயின், விடுதலை பெற்ற பின்னும் ஒநேசிமு எவ்வித உறவில் நின்றிருப்பான் என்ற வினா உயிர்பெறும்.

மற்றது வெண்கலச் சிறுவன். 1858இல் க்சாண்டனை அடுத்த லூட்டிங்கன் அருகே ரைன் ஆற்றில் மீனவர் கையில் அகப்பட்டுப் பெர்லினுக்கு விலைபோன சிலை அது. மூலம் இன்றும் பெர்லினில்தான் உள்ளது. தலையில் மாலை சூடி, ஆடையின்றி நிற்கும் அவ்வழகிய உருவத்தை முதலில் ஏதோ ஒரு தெய்வம் என்றே எண்ணினர். பின்னர் ஆராய்ந்தோர், செல்வர் வீட்டு விருந்தறையில் தட்டேந்தி நிற்கச் செய்யப்பட்ட உருவம் எனக் கண்டனர். ஜெர்மானியர் அதனை ‘ஊமைப் பணியாள்’ என்கின்றனர். உயிருள்ள அடிமைச் சிறுவர் சூழ்ந்து நின்ற பந்தியில், களைப்படையாத, பேசாத ஓர் அடிமைச் சிறுவனை வெண்கலத்தில் வார்த்து நிறுத்தினர். பூங்கா முழுவதிலும் காணக்கிடைக்காத அடிமை, இங்கே கலைப்பொருளாக, அதுவும் உண்மை மனிதனுக்கு மாற்றாகவே, கிடைக்கிறான். அதன் வடிவழகை வியந்து கூறுவோர் பலர். அந்த வீட்டில் தட்டேந்திய உயிருள்ள சிறுவரின் வாழ்வை எண்ணுவோர் சிலர்.

பூங்காவிலிருந்து சிறிது தூரம் நடந்தால் புனித விக்டர் பேராலயம். 1263இல் தொடங்கிய கோதிக் கட்டடம். 1945 பிப்ரவரியில் குண்டுவீச்சில் சிதைந்து, பின்னர் பொறுமையோடு மீண்டும் கட்டப்பட்டது. 1933இல் வால்ட்டர் பாடர் என்னும் தொல்லியலார் அதன் அடியில் அகழ்ந்தபோது, வன்முறையால் மாண்ட இரண்டு ஆடவரின் எலும்புகள் நான்காம் நூற்றாண்டுக் கல்லறையொன்றிற் கிடைத்தன. அவர்கள் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. விக்டர் என்னும் இரத்தசாட்சியின் கதையோடு அவர்களை இணைத்தது பக்தியே அன்றி ஆய்வன்று. பரிசுத்தவான்களின் எலும்புகளுக்கு வணக்கம் செலுத்தும் வழக்கத்தைச் சீர்திருத்தச் சபைகளைச் சேர்ந்த நாம் ஏற்பதில்லை. இருப்பினும், அக்கல்லறைமேல் அமைத்த நிலவறையில் 1936 பிப்ரவரியில் பலிபீடத்தை அர்ப்பணிக்க வந்த மூன்ஸ்டர் பிஷப் கேலன், ஜெர்மன் மண்ணில் புதிய இரத்தசாட்சிகளின் கல்லறைகளும் உண்டு என்று அன்றைய ஆட்சியாளர் கேட்க வெளிப்படையாகப் பிரசங்கித்தார் என்பதை மறக்க இயலாது. டாஹாவ் வதைமுகாமில் 1944 டிசம்பரில் மறைவாகக் குருப்பட்டம் பெற்று, விடுதலையான சில மாதங்களில் மரித்த கார்ல் லைஸ்னரின் உடலும் 1966 முதல் அங்கேயே உள்ளது.

பெயரற்ற இரு எலும்புக்கூடுகளின்மேல் எழுந்த நிலவறையும், பெயரற்ற தெய்வத்தின் மேடையும் ஒரே சிற்றூரில், நடந்து செல்லும் தொலைவில் உள்ளன. பூங்காவையும் அருங்காட்சியகத்தையும் கண்டு திரும்புவோரில் எத்தனை பேர் நிலவறைப் படிகளில் இறங்குகின்றனரோ அறியோம். இறங்காதவர், ரோமர் நன்றாகக் கட்டினர், நன்றாக நீராடினர், நன்றாக உண்டனர் என்னும் அறிவோடு ஊர் திரும்புவர். அவ்வறிவு பொய்யன்று. அங்கே செல்லும் வாய்ப்புப் பெறும் மாணவருக்கு யாம் கூறுவது ஒன்றே: முதலில் நிலவறைக்குச் செல்க, அதன்பின் விடுதிக்குச் சென்று, அடுப்புவாய் எங்கே என்று கேட்டு, அதனருகே சற்று நேரம் நின்று பார்க்க.