ரத்தம் சொன்ன பாதிக் கதை

விருதுநகர் முதலிடம், ஈரோடு கடைசி. ப்ளஸ் டூ ரிசல்ட் என்று நினைத்துவிடாதீர்கள். 2021 ஜூன், ஜூலையில் தமிழக சுகாதாரத் துறை 26,610 பேரிடம் ரத்தம் எடுத்துப் பார்த்த கொரோனா ஆய்வு அது. 66.2 சதவிகிதம் பேரிடம் ‘ஆன்டிபாடி’ எனும் எதிர்ப்புப் பொருள் இருந்தது. விருதுநகரில் 84 சதவிகிதம். ஈரோட்டில் 37. கோவையும் திருப்பூரும் பாதியைக்கூட எட்டவில்லை.

செய்தி வந்ததும் நம்ம ஊர் டீக்கடையில் இரண்டு கட்சி. “நம்ம பக்கம் நோய் அவ்வளவா அண்டலைங்க” என்றது ஒன்று. “அப்படின்னா அடுத்த அலை நமக்குத்தானுங்க” என்றது இன்னொன்று. அதே வருடம் மே கடைசியில் தினசரித் தொற்றில் கோவை சென்னையையே முந்தியதை இரண்டு கட்சியுமே மறந்துவிட்டன.

தப்பு டீக்கடைமேல் இல்லை. எண்ணை மார்க் லிஸ்ட் மாதிரி நீட்டினால், மார்க் லிஸ்ட் மாதிரிதான் படிப்பார்கள்.

‘26,610 பேரை வைத்து ஏழு கோடிப் பேரைச் சொல்லிவிட முடியுமா?’ என்று கேட்பீர்கள். முடியும். மில்லுக்கு வரும் பஞ்சு பேலில் ஒரு பிடி உருவிப் பார்த்தே தரகர் இழையின் நீளத்தைச் சொல்லவில்லையா? ஐ.சி.எம்.ஆர். 2020 மே, ஜூனில் நடத்திய முதல் தேசிய ஆய்வும் அப்படித்தான். 70 மாவட்டங்கள், மாவட்டத்துக்கு 400 பேர். கோவையும் அதில் ஒன்று. சுமார் 35 லட்சம் ஜனத்தொகைக்கு 400 பேர்! ஆனால், அவர்கள் கோவைக்காக ரத்தம் கொடுக்கவில்லை, இந்தியாவுக்காகக் கொடுத்தார்கள். நாடு முழுக்க 0.73 சதவிகிதம், அதாவது சுமார் 64 லட்சம் பேருக்கு அதற்குள் தொற்று வந்துபோயிருக்கும் என்று அந்தக் கைப்பிடிதான் சொன்னது. நல்ல வேலை. சந்தேகமே இல்லை.

என் குறை வேறு. பஞ்சு ‘மாட்டேன்’ என்று சொல்லாது. மனுஷன் சொல்வான்.

அந்த ஆய்வில் 30,283 வீடுகளுக்குப் போனார்கள். சேர்ந்தது 28,000 பேர். பி.காம். படித்தவனுக்குக் கழித்துப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. மிச்சம் 2,283. பூட்டிய வீடு, ஆளில்லாத வீடு, மறுத்த வீடு எல்லாம் அதில் இருக்கலாம். “சர்க்கரை இருக்குதுங்க, ரத்தமெல்லாம் வேண்டாமுங்க” என்று கதவைச் சாத்தும் ஒரு அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குத் தடுப்பூசிக்கும் அவர் அதே பதிலைச் சொல்லக்கூடும். நாம் முக்கியமாகத் தேட வேண்டிய ஆள் அவர்தான். கணக்கிலோ அவர் இல்லை.

இன்னொன்று. ஆன்டிபாடி நோயாலும் வரும், ஊசியாலும் வரும். இரண்டையும் பிரிக்காத ஒற்றை எண்ணில், வைரஸ் வந்துபோனதும் ஜனங்கள் கை நீட்டியதும் ஒன்றாகக் கலந்துவிடும். விருதுநகரின் 84-ல் எது எவ்வளவு? அந்த எண்ணைக் கேட்டால் வாய் திறக்காது.

இனி, கை நீட்டாதவர்கள் கதை. 2021 ஏப்ரல் 15-ல் நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17-ம் தேதி மாரடைப்பில் இறந்தார். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று நிபுணர் குழு சொன்ன செய்தி அக்டோபரில்தான் வந்தது. அதற்குள் வதந்தி ஊர் ஊராகப் போய்விட்டது. அப்புறம் இரண்டாம் அலை உச்சத்துக்குப் போக, தயங்கியவர்களிலேயே பலர் விடிகாலையில் டோக்கனுக்கு வரிசையில் நின்றார்கள். “ஸ்டாக் இல்லை” என்று திருப்பி அனுப்பினார்கள்.

அந்த ஜூன், ஜூலையில் நடந்த நான்காவது தேசிய ஆய்வில், பெரியவர்களில் 62.2 சதவிகிதம் பேர் ஒரு ஊசிகூடப் போடாதவர்கள். இதில் போட மாட்டேன் என்றவர் எத்தனை? கிடைக்காமல் திரும்பியவர் எத்தனை? இரண்டுக்கும் மருந்து வேறு. முதல் ஆளுக்கு, அவர் நம்பும் நர்ஸம்மா நாலு தடவை வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும். இரண்டாவது ஆளுக்குப் பேச்சே வேண்டாம், தடுப்பூசிப் பெட்டி வந்தால் போதும். பிரித்துப் பார்க்காமல் போனால், வரிசையில் நின்று ஏமாந்தவனுக்கே விழிப்புணர்வு நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருப்போம்.

அடுத்த தொற்று எப்போது என்று யாருக்கும் தெரியாது. வந்தால் மறுபடி ஃபாரத்தோடு நம் வாசலுக்கு வருவார்கள். ரத்தத்தோடு சேர்த்து, “ஊசி போட்டீங்களா? இல்லைன்னா ஏனுங்க?” என்றும் கேட்கட்டும். கதவைச் சாத்திய வீட்டையும் குறித்துக்கொண்டு, எண்ணோடு சேர்த்து வெளியிடட்டும். நீங்களும் கொடுக்கப் பிடிக்காவிட்டால் கொடுக்க வேண்டாம். காரணத்தையாவது சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துங்கள். ‘வேண்டாமுங்க’ என்பதும் எழுதிக்கொள்ள வேண்டிய பதில்தான்.