வயர்மீது பெயிண்டு: தவறு எங்கே?

பொங்கல் நெருங்கினால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது நம் வழக்கம். அப்போது சுவரோடு சேர்த்து, மரச்சட்டத்தின்மேல் ஓடும் மின்வயரும் ஒரு கை பூச்சு வாங்கிக்கொள்கிறது. எங்கள் கல்லூரி அறிவியல் கண்காட்சியில் இதைப் பற்றி ஒரு மாணவர் விளக்க அட்டை எழுதி வைத்திருந்தார். பெயிண்டு பூசிய வயரிலிருந்து வெப்பம் வெளியேற முடியாது, வயர் சூடேறி எரிந்துவிடும், ஆகவே பெயிண்டைத் தின்னர் கொண்டு துடைத்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். பார்த்தவர்கள் தலையசைத்துச் சென்றனர். இதே விளக்கத்தைப் பெரியவர்கள் சொல்லியும் கேட்டிருக்கிறேன். வயருக்குப் பெயிண்டு ஆகாது என்ற முடிவு சரியே. ஆனால் காரணம் தவறு. அக்காரணத்திலிருந்து பிறந்த யோசனையோ ஆபத்தானது.

கணக்கிட்டுப் பார்ப்போம். 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.012 ஓம். அதில் 10 ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்தால் மீட்டருக்கு 1.2 வாட் வெப்பம் தோன்றும். பிவிசி உறையுடன் வயரின் விட்டம் 3 மி.மீ. என்று கொள்வோம். திறந்த காற்றில் அதன் மேற்பரப்பு அறையைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி கூடுதலாக இருந்தால் போதும். அந்த வெப்பம் முழுவதும் வெளியேறிவிடும். இனி 0.1 மி.மீ. கனத்துக்குப் பெயிண்டு பூசுவோம். அப்படலத்தின் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் இடையே ஏற்படும் வெப்பநிலை வேறுபாடு, ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை!

வேடிக்கை இத்துடன் முடியவில்லை. பூச்சினால் வயரின் சுற்றளவு சுமார் 7 சதவீதம் கூடுகிறது; காற்றுக்கு வெப்பத்தைக் கொடுக்கும் பரப்பும் அவ்வளவு கூடுகிறது. இந்த லாபம் முன்சொன்ன நட்டத்தைவிடப் பெரிது. ஆகவே பெயிண்டு பூசிய வயர் சிறிதளவு குளிரவே செய்யும். இயற்பியல் மாணவர்கள் இதை 'மாறுநிலை ஆரம்' என்ற பெயரில் படித்திருப்பார்கள். பெயிண்டு போன்ற பொருளுக்கு, சாதாரணக் காற்றில் அது சுமார் 20 மி.மீ. வரும். உருளையின் ஆரம் அதைவிடக் குறைவாக உள்ளவரை, மேலே உறை ஏற ஏற வெப்பம் எளிதாகவே வெளியேறும். நம் வயரின் ஆரமோ 1.5 மி.மீ. தடித்த நீராவிக் குழாய்க்குக் காப்பு சுற்றுவதை மனத்தில் வைத்து வயரையும் எடைபோட்டதே பிழை. (பல வயர்களை ஒரே குழாயில் நெருக்கித் திணிப்பது வேறு சங்கதி, அங்கே சூடு உண்மையாகவே தேங்கும்.)

அப்படியானால் கெடுதல் எங்கே? முதலாவது, அந்தத் தின்னரிலேயே இருக்கிறது. பிவிசி இயல்பில் விறைப்பான பொருள். அதை வளையச் செய்வதற்காக நெகிழ்வூட்டும் எண்ணெய் போன்ற பொருளொன்றைக் கலக்கிறார்கள். தின்னரிலுள்ள டொலுவீன், அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் உறையைப் பருக்கச் செய்து, அந்தப் பொருளை வெளியே இழுத்துவிடும். பிறகு உறை விறைத்து, வளைக்கும்போது வெடிக்கும். எனாமல் பெயிண்டு பூசிய பிவிசி வயர் நெடுநாள் பிசுபிசுப்பதைச் சிலர் கண்டிருப்பார்கள். உறையிலிருந்து அப்பொருள் பெயிண்டுக்குள் குடியேறுவதே காரணம். தண்ணீரில் கலக்கும் டிஸ்டெம்பரில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

இரண்டாவது, நிறம். சிவப்பு, மஞ்சள், நீலம் மின்னழுத்தமுள்ள கம்பிகளுக்கு, கறுப்பு நியூட்ரலுக்கு, பச்சை எர்த்துக்கு. எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிட்டால், அடுத்து வரும் எலக்ட்ரீஷியன் எதை நம்பிக் கை வைப்பார்?

இவற்றினும் பெரியது இணைப்பு முனை. ஸ்விட்ச், பிளக் ஆகியவற்றின் உட்புறம் பெயிண்டு புகுந்து, தொடுமுனையில் 0.1 ஓம் தடையை உண்டாக்கிவிட்டால், அதே 10 ஆம்பியருக்கு அங்கே 10 வாட் தோன்றும். ஒரு மீட்டர் வயர் முழுவதிலும் 1.2 வாட், இங்கே கடுகளவு இடத்தில் 10 வாட்! எரியும் இடம் இதுவே. இரும்பு மெயின் பெட்டியின் எர்த் திருகுக்கு அடியில் பெயிண்டு படர்ந்தாலோ, எர்த் இருந்தும் இல்லாததாகும். அட்டையில் இவை எதுவும் இல்லை.

மாணவர் கணக்கைத் தாமே போட்டுப் பார்த்து, அட்டையை மாற்றி எழுதினார். "ஏற்கனவே பூசிய வயரை என்ன செய்வது, சார்?" என்று கேட்டார். பெயிண்டை அப்படியே விட்டுவிடலாம். மெயினை அணைத்து, எலக்ட்ரீஷியனைக் கொண்டு முனைகளைச் சோதிக்க வேண்டும். வளைத்துப் பார்க்கும்போது உறையில் வெடிப்புக் கண்டால், அந்த வயரை மாற்றிவிட வேண்டியதுதான்.