எல்லாரும் கடுமையாக உழைத்த படம்

பழைய படங்களைத் திரும்பத் தியேட்டருக்குக் கொண்டுவருவது இப்போது தனி வியாபாரமாகவே ஆகிவிட்டது. 2012இல் டிஜிட்டலில் புதுப்பித்து வந்த 'கர்ணன்' முதலில் ஆசை காட்டியது. 2024 ஏப்ரலில் 'கில்லி' வந்தபோது, இருபது வருடப் பழைய படத்துக்குப் புதுப்படக் கூட்டம். இந்தக் கொண்டாட்டத்தின் ஓரத்தில் இன்னொரு கோரிக்கையும் கேட்கிறது. தியேட்டர் மட்டும் போதாது, டிவிடியும் புளூரேயும் திரும்ப வர வேண்டும். அதிலும் மேக்கிங், நீக்கப்பட்ட காட்சிகள், இயக்குநரின் விளக்கவுரை என்று போனஸ் பகுதிகளோடு வர வேண்டும் என்கிறார்கள் சேகரிப்பாளர்கள்.

அவர்கள் வைக்கிற வாதங்களில் உருக்கமானது ஒன்று உண்டு. தரமணித் திரைப்படக் கல்லூரிக்கு எழுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பையனுக்கு, பூதப்பாண்டியிலிருந்து நாகர்கோவில் வடசேரிக்கு பஸ் ஏறி வந்து டிவிடி வாங்கிப் போனவனுக்கு, அந்த போனஸ்தான் பள்ளிக்கூடமாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எந்த டிவிடி, எந்த போனஸ் என்று கேட்டால்தான் சிக்கல்.

வெளிநாட்டு வட்டுகளைச் சொல்கிறார்கள் என்றால் பேச்சே இல்லை. 1984இல் கிரைட்டீரியன் நிறுவனம் 'கிங் காங்' லேசர் டிஸ்க்கில் ரொனால்ட் ஹேவரைப் பேசவைத்து விளக்கவுரை என்ற வழக்கத்தைத் தொடங்கியது. திரைப்படக் கல்லூரியைவிட ஜான் ஸ்டர்ஜஸின் விளக்கவுரையில் கற்றது அதிகம் என்று பால் தாமஸ் ஆண்டர்சன் சொன்னதாக ஒரு கதை, போனஸ் ஆதரவாளர்கள் எல்லாருக்கும் மனப்பாடம். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நீட்டித்த பதிப்பின் இணைப்புகளில் கவசம் செய்தவர், கத்தி அடித்தவர், குதிரை பழக்கியவர் வரை வந்து பேசுகிறார்கள். 1993இல் லண்டன் ஆய்வகத் தீவிபத்தில் கருகிய 'அபு' மூன்று படங்களின் நெகட்டிவை பொலோன்யாவில் எப்படி மீட்டார்கள் என்பதை 2015ஆம் ஆண்டு கிரைட்டீரியன் தொகுப்பிலேயே பார்க்கலாம். இவையெல்லாம் காசுக்கு மோசமில்லாத சரக்கு. ஒத்துக்கொள்ளலாம், தள்ளிப்போகலாம்.

தமிழுக்கு வருவோம். 2007 வாக்கில் மோசர் பேயர் தமிழ்ப்படச் சந்தைக்குள் நுழைந்தபோது விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய். திருட்டு விசிடியை விலையால் அடிக்கலாம் என்பது கணக்கு. ஒரு பக்கம் நல்ல காரியம்தான்; நடைபாதைச் சரக்கின் விலைக்கே சட்டப்படியான வட்டு கிடைத்தது. ஆனால் 34 ரூபாய்க்குள் யாரை உட்காரவைத்துப் பேட்டி எடுப்பது? லண்டன் ஐங்கரன் வெளியிட்ட வட்டுகள் அதைவிடப் பல மடங்கு விலை. மெனுவில் 'படம்', 'காட்சிகள்', 'பாடல்கள்', 'சப்டைட்டில்' என்று இருக்கும். வசனத்துக்கு சப்டைட்டில் உண்டு, பல வட்டுகளில் பாட்டு வந்தால் நின்றுவிடும். வேறு ஏதாவது இருக்கிறதா என்று ரிமோட்டை அழுத்திக்கொண்டே போனால், அதே நிறுவனம் அடுத்து விற்கப்போகிற படங்களின் டிரெய்லர் வரும். பூதப்பாண்டிப் பையன் பெற்ற போனஸில் பெரும்பங்கு இதுதான். விதிவிலக்குகள் உண்டு, விரல் விட்டு எண்ணிவிடலாம்.

உண்மையான மேக்கிங் வட்டில் வரவில்லை, டிவியில் வந்தது. பிறகு யூடியூபில். 2010இல் 'எந்திரன்' வந்த சமயத்தில் சன் டிவியில் பண்டிகை நாட்களுக்கு அதுவே நிகழ்ச்சி. அன்று அமைந்த அச்சு இன்றுவரை மாறவில்லை. கேமரா கிரேனில் ஏறுகிறது. கதாநாயகன் இடுப்பில் கயிறு கட்டிப் பாய்கிறார், அதையே மெதுவாக இன்னொரு தடவை காட்டுகிறார்கள். இயக்குநர் மானிட்டரைப் பார்த்துத் தலையாட்டுகிறார். யாருக்கோ பிறந்தநாள், கேக். கடைசி நாள், பூசணிக்காய். நடுநடுவே ஒவ்வொருவராக வந்து சொல்கிறார்கள்: சார் ரொம்ப சப்போர்ட் பண்ணாங்க. மேடம் செம டெடிகேஷன். மழையிலும் யூனிட் முழுக்க நின்னுச்சு. ஒரு குடும்பம் மாதிரி இருந்தோம்.

எல்லாரும் கடுமையாக உழைத்திருக்கிறார்கள். சரி. எதற்காக, எதை முடிவு செய்து, எதை விட்டுக்கொடுத்து உழைத்தார்கள் என்று ஒரே ஒரு வாக்கியம் உண்டா?

போனஸின் அடிப்படைக் கோளாறு இங்கேதான் இருக்கிறது. விலை, தரம், இடப்பற்றாக்குறை எல்லாம் அப்புறம். ஒரு படம் எப்படி உருவானது என்பதற்கு அது சாட்சியம் என்று விற்கப்படுகிறது; ஆனால் சாட்சியை அழைத்து வருவதும், சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொடுப்பதும், சொன்னதில் வேண்டாததை வெட்டுவதும் படத்தை விற்கிற அதே கை. அந்தக் கை ஒருநாளும் தனக்குப் பாதகமாக ஒரு பிரேம் விடாது. சண்டை நடந்திருந்தால் இருக்காது. சம்பளம் பாக்கி இருந்தால் இருக்காது. மாடியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்ட டூப் நடிகர் இருக்கமாட்டார். அதே மாடியிலிருந்து கதாநாயகன் மெத்தையில் விழுவது இருக்கும்.

தவறிப்போய் உண்மை வெளியே வந்துவிட்ட தருணம் ஒன்று தமிழில் உண்டு. 2013 மார்ச்சில் 'பரதேசி' வருவதற்கு முன் ஒரு 'ரியாலிட்டி' முன்னோட்டம் வெளியிட்டார்கள். அதில் இயக்குநர் பாலா நடிகர்களைக் கழியால் அடிக்கிறார், உதைக்கிறார். பார்த்தவர்கள் கொதித்தார்கள், வெளிநாட்டு ஊடகங்கள் வரை போனது. அது போலிக் கழி, எப்படி நடிக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்ததுதான் என்று விளக்கம் வந்தது. விளக்கம் உண்மையாகவே இருக்கட்டும். கவனிக்க வேண்டியது வேறு: விளம்பரத்துக்காகத் தாங்களே தேர்ந்தெடுத்து, தாங்களே வெட்டி ஒட்டி வெளியிட்ட காட்சி அது. பார்ப்பவன் அதில் கேள்வி கேட்பான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு வந்த மேக்கிங் வீடியோக்களில் கேக் வெட்டுவது கூடியதே தவிர, வேறொன்றும் கூடவில்லை.

'பரதேசி'யில் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளோ எத்தனை! பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்ட நாவல், இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு'. அதிலிருந்து படத்துக்கு எது வந்தது, எது நின்றுபோனது? வசனம் எழுதிய நாஞ்சில் நாடன் பூதப்பாண்டிக்குப் பக்கத்து வீரநாராயணமங்கலத்துக்காரர். நாஞ்சில் நாட்டுப் பேச்சை வாழ்நாள் முழுக்க எழுதிய ஆள், மலைக்குப் போன கூலிகளுக்குப் பேச்சை எங்கிருந்து எடுத்தார்? அவருடைய முதல் நாவல் 'தலைகீழ் விகிதங்கள்' 1977இல் வந்தது. 2002இல் பண்ருட்டிப் பக்கத்துத் தங்கர் பச்சான் அதை 'சொல்ல மறந்த கதை' ஆக்கினார். நாவலாசிரியரையும் இயக்குநரையும் ஒரு மேஜையில் உட்காரவைத்து, வீட்டோடு மாப்பிள்ளையான சிவதாணுவின் கதையில் எந்த இடத்தில் கருத்து வேறுபட்டீர்கள் என்று அரைமணி நேரம் பேசவைத்தால் அது போனஸ். திரைக்கதை வகுப்புக்கு அதைவிடப் பெரிய பாடம் இருக்க முடியாது. தமிழ் போனஸ் மரபில் எழுத்தாளனுக்கு நாற்காலியே கிடையாது. லைட்பாய்க்கும் கிடையாது, எடிட்டருக்கு எப்போதாவது, ஸ்டண்ட்காரருக்கு நாயகனைப் புகழ மட்டும்.

நீக்கப்பட்ட காட்சிகள் என்று ஒரு வகை உண்டே என்பார்கள். அது இன்னும் பெரிய ஏமாற்று. இந்தியாவில் ஒரு காட்சி இரண்டு வகையில் போகும்: நீளம் கருதி இயக்குநர் வெட்டுவது, தணிக்கை வெட்டுவது. நமக்குக் கிடைப்பதெல்லாம் முதல் வகை, பெரும்பாலும் படத்தில் இல்லாமல் போனதே நல்லது என்று நினைக்கவைக்கும் காமெடித் துண்டு. இரண்டாம் வகை வரவே வராது; சான்றிதழ் பெற்ற வடிவத்தை மாற்றிக் காட்ட 1952ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தராது, வீட்டு வீடியோவுக்கும் சான்றிதழ் வேண்டும். 'ஷோலே'யின் அசல் முடிவில் தாக்கூர் கப்பரைக் கொன்றுவிடுகிறார். 1975இல் தணிக்கை அதை மாற்றவைத்தது. அந்த முடிவோடு மீட்டெடுத்த பிரதி முறையாகத் திரையேறியது 2025 ஜூனில், இத்தாலியின் பொலோன்யாவில். ஐம்பது வருடம் ஆயிற்று. நாம் தெரிந்துகொள்ள விரும்பும் வெட்டைத் தரமுடியாத வட்டு, தெரிந்துகொள்ள அவசியமே இல்லாத வெட்டைத் தூக்கித் தருகிறது.

வெளியே இப்படி இல்லையா என்றால், அங்கேயும் குப்பை மலைபோல் இருக்கிறது. ஆனால் 'அபோகலிப்ஸ் நவ்' எடுத்தபோது கப்போலா நிலைகுலைந்ததையும் மார்ட்டின் ஷீனுக்கு மாரடைப்பு வந்ததையும் கப்போலாவின் மனைவி எலினார் எடுத்த காட்சிகளைக் கொண்டே 1991இல் படமாக்கிக் காட்டினார்கள். கணவனின் கிறுக்கை மனைவி படம்பிடிக்க, அது வெளியே வரவும் விட்டார்கள். இங்கே எந்த நட்சத்திர வீட்டில் அது நடக்கும்?

நடந்தது வேறு. 2024 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸில் நயன்தாரா பற்றிய ஆவணப்படம் வரவிருந்த நேரம். 2015ஆம் ஆண்டின் 'நானும் ரவுடிதான்' படப்பிடிப்புத் தளத்தில் எடுத்த மூன்று விநாடிக் காட்சிக்காகத் தயாரிப்பாளர் தனுஷ் தரப்பிலிருந்து பத்துக் கோடி ரூபாய் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்ததாக நயன்தாரா பகிரங்கக் கடிதம் எழுதினார். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் ஏறியது. யார் பக்கம் நியாயம் என்பதைக் கோர்ட் சொல்லட்டும். படப்பிடிப்புத் தளத்துக் காட்சி ஒவ்வொன்றும் ஒருவருடைய சொத்து, அனுமதியில்லாமல் அசையக்கூடாது என்று துறை நினைப்பது இதில் தெளிவாகத் தெரிந்துவிட்டது. சொத்தாக அதற்குக் கோடிகளில் விலை. ஆவணமாக அதற்கு ஒரு அலமாரி கிடையாது.

தமிழ் பேசும் படத்துக்கு உருப்படியான போனஸ் வந்ததே இல்லையா? வந்தது, நியூயார்க்கிலிருந்து. ஈழத்து அகதிகளைப் பற்றிய 'தீபன்' 2015இல் கான் விழாவில் தங்கப்பனை வாங்கியது. பெரும்பகுதி வசனம் தமிழ், படம் பிரெஞ்சு. 2017இல் கிரைட்டீரியன் அதை வெளியிட்டபோது இயக்குநர் ஓதியாரும் உடன் எழுதியவரும் விளக்கவுரை தந்தார்கள். ஷோபாசக்திக்குத் தனிப் பேட்டி. இயக்கத்தில் சிறுவனாகச் சேர்ந்து, அகதியாகப் பாரிஸ் போய், எழுத்தாளரானவர் தானே நடித்த படத்தைப் பற்றிப் பேசுகிறார். தமிழ்நாட்டு நிறுவனம் ஒன்று வெளியிட்டிருந்தால் கேட்டிருக்கும் கேள்வி என்னவென்று ஊகிக்கலாம்: குளிரில் ஷூட்டிங் கஷ்டமாக இருந்ததா?

இதையெல்லாம் நாஞ்சில் நாட்டிலிருந்து பார்க்கிறவனுக்குக் கூடுதலாக எரிச்சல் வரக் காரணம் இருக்கிறது. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' எடுத்த ஜே.சி. டேனியல் அகஸ்தீஸ்வரத்துக்காரர். படத்தில் ஓர் அடிகூட மிஞ்சவில்லை. நாயர் பெண்ணாக நடித்த தலித் பெண் பி.கே. ரோசியை ஊரைவிட்டே விரட்டினார்கள். அவர் பேசி எங்கும் பதிவாகவில்லை. டேனியல் 1975இல் அகஸ்தீஸ்வரத்தில் இறந்தார். கேரள அரசு அவர் பெயரில் 1992 முதல் விருது கொடுக்கிறது. இன்றைய பாணியில் 'விகதகுமார'னுக்கு ஒரு மேக்கிங் எடுத்திருந்தால் அதில் என்ன இருக்கும்? ரோசி மேடம் ரொம்ப டெடிகேஷன் என்று ஒருவர் சொல்லியிருப்பார், அவ்வளவுதான். அவர் நடித்த படத்தைப் பார்க்க அவரையே விடவில்லை என்பது இருந்திருக்காது.

பக்கத்திலேயே இன்னொரு படம். சி.வி. ராமன் பிள்ளையின் நாவலை வைத்து நாகர்கோவில் ஆர். சுந்தர்ராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா', 1933. நாவலின் உரிமை வைத்திருந்த கமலாலயா புத்தகக் கடை வழக்குப் போட்டது, பிரதி முடங்கியது. முடங்கியதால்தான் பிழைத்தது, 1974இல் புனே திரைப்பட ஆவணக் காப்பகம் அதை மீட்டது. தென்னிந்தியாவின் மௌனப்படங்களில் இன்றும் பார்க்கக் கிடைக்கும் மிகச் சிலவற்றில் அது ஒன்று. ரசிகர் அன்பு காப்பாற்றவில்லை, தயாரிப்பாளர் அக்கறையும் காப்பாற்றவில்லை. வழக்குக் காப்பாற்றியது.

மோசர் பேயர் 2018இல் கலைப்புக்குப் போய்விட்டது. நெட்ஃபிளிக்ஸ் அமெரிக்காவில் தபால் வழி வட்டு அனுப்புவதை 2023இல் நிறுத்தியது. வட்டு திரும்ப வரும் என்று காத்திருப்பவர்கள் காத்திருக்கட்டும். வந்தாலும் அதே கேக்கும் பூசணிக்காயும்தான் வரும். தயாரிப்பாளர்களிடம் கேட்க வேண்டியது போனஸ் அல்ல. மேக்கிங் கேமராவில் ஓடிய காட்சியை, வெட்டாமல், இசை சேர்க்காமல், தணிக்கைக் குறிப்போடும் எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதியோடும் சேர்த்துப் புனே காப்பகத்தில் ஒப்படையுங்கள். இருபத்தைந்து வருடம் யாரும் திறக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டுக்கொண்டாலும் பரவாயில்லை.