பம்பைக் கழற்றும் முன் ஒரு கேஜ்: மினி டிராக்டருக்கான ஹைட்ராலிக் சோதனைப் பெட்டி

மஞ்சள் வெட்டி முடித்த காட்டில் ரொட்டவேட்டர் ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் அதைக் கவனித்தேன். வரப்போரம் வண்டியைத் திருப்ப லிப்டைத் தூக்கினால், ரொட்டவேட்டர் மேலே போய் நிற்கவில்லை. மெல்ல நாலு விரல் இறங்கும், டக்கென்று மறுபடி ஏறும். திரும்பி முடிப்பதற்குள் ஐந்தாறு முறை தலையாட்டிவிடும். என்னுடையது 24 எச்.பி. மினி டிராக்டர். கோபிசெட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல்லுக்கும் மஞ்சளுக்கும் அது ஒன்றுதான் எங்கள் வீட்டு வண்டி.

“பம்பு போயிருச்சுங்கண்ணா, புதுசு போட்டாத்தான் ஆகும்” என்றார் பட்டறைக்காரர். கண்ணால் பார்த்துச் சொன்னதுதான், எதையும் அளக்கவில்லை. பம்பு, ஆயில், கூலி எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்தேன். மறுநாள் காட்டுக்குள் இறக்கினால் ரொட்டவேட்டர் அதே மாதிரி தலையாட்டியது.

அந்த வாரமே கோயம்புத்தூருக்குப் போய் ஒரு ஹைட்ராலிக் பிரஷர் சோதனைப் பெட்டி வாங்கினேன். ஒரு வருடமாக என் வண்டியிலும் அக்கம்பக்கத்து வண்டிகளிலும் மாட்டிப் பார்த்துவிட்டேன். அந்த அனுபவம்தான் இந்த விமர்சனம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்தால் கிளிசரின் நிரப்பிய இரண்டு கேஜ்கள். ஒன்று 250 பார் வரையும் மற்றொன்று 400 பார் வரையும் காட்டும். ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு, சுண்டுவிரலைவிட மெல்லிய சோதனை ஹோஸ் இரண்டு. 630 பார் வரை தாங்கும் என்று ஹோஸிலேயே அச்சிட்டிருக்கிறது. அதன் முனை எம்16 மரை கொண்ட சோதனை முனைகளில் கையாலேயே திருகிக்கொள்ளும், ஸ்பானர் வேண்டியதில்லை. இவற்றோடு டி-இணைப்புகளும் பல அளவு அடாப்டர்களும் உண்டு.

பட்டறையில் “நூத்தி அறுபது கிலோ பிரஷர்” என்பார்கள். அது சதுர சென்டிமீட்டருக்கு 160 கிலோ. ஒரு பார் என்பதும் ஏறக்குறைய அதே ஒரு கிலோதான். பி.எஸ்.ஐ.யில் சொன்னால் 14.5. ஆகவே கையேடு எந்த அளவில் சொன்னாலும் மாற்றிக்கொள்ளலாம்.

கேஜுக்குள் இருக்கும் கிளிசரின் அழகுக்காக ஊற்றியது இல்லை. கியர் பம்பு ஆயிலைத் துடிப்புத் துடிப்பாகத்தான் தள்ளும். சாதாரண உலர்ந்த கேஜில் முள் ஆடிக்கொண்டே இருப்பதால் படிக்கவும் முடியாது, சீக்கிரமே கேஜும் கெட்டுவிடும். கிளிசரினுக்குள் முள் நிதானமாக நகர்ந்து ஓரிடத்தில் நிற்கிறது.

மாட்டுவது எப்படி?

டிப்பிங் டிரெயிலருக்கு ஆயில் எடுக்கும் அவுட்லெட் உங்கள் வண்டியில் இருந்தால் வேலை சுலபம். ரொட்டவேட்டரைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, லிப்ட் லீவரை நாலைந்து முறை மேலும் கீழும் தள்ள வேண்டும். உள்ளே தேங்கிய அழுத்தம் போய்விடும். பிறகு அவுட்லெட்டில் அடாப்டரைப் பூட்டி, ஹோஸை மாட்டி, கேஜை ஸ்டியரிங் பக்கம் கண்ணில் படும்படி வைத்துக்கொள்ளலாம்.

இப்போது இன்ஜினை ஓட்டி, அந்த அவுட்லெட்டின் லீவரை இழுத்தால் ஆயிலுக்கு வெளியேற வழி கிடையாது. அழுத்தம் ஏறி, மிஞ்சிய அழுத்தத்தை வெளியே விடும் ரிலீஃப் வால்வு திறக்கும் இடத்தில் முள் நிற்கும். ஐந்து நொடிக்கு மேல் இழுத்துப் பிடிக்கக் கூடாது, ஆயில் வேகமாகச் சூடேறிவிடும். கையேட்டில் போட்டிருக்கும் அளவோடு அந்த எண்ணை ஒப்பிட வேண்டும். இதை ஆயில் குளிர்ந்திருக்கும்போதும், ஒரு மணி நேரம் உழுத பின்பும், ஐட்லிங்கிலும், முழு வேகத்திலும் என்று நான்கு முறை எடுக்கிறேன். நோய் எங்கே என்பதை ஒரு எண் சொல்லாது. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

மூன்று வண்டி, மூன்று நோய்

முதல் வண்டி என்னுடையது. குளிரிலும் சூட்டிலும், ஐட்லிங்கிலும் முழு வேகத்திலும் முள் 160 பாரில் நின்றது. அப்படியென்றால் பம்பும் ரிலீஃப் வால்வும் நன்றாக இருக்கின்றன, கோளாறு அதற்கு அப்பால்.

அடுத்த சோதனைக்குக் கேஜே தேவையில்லை. ரொட்டவேட்டரைத் தூக்கி இன்ஜினை நிறுத்தி, தள்ளி நின்று டேப்பால் அளந்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினாறு சென்டிமீட்டர் இறங்கியது. இன்ஜினே ஓடாதபோது இறங்குகிறது என்றால் பம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மினி டிராக்டர்களின் லிப்ட் சிலிண்டர் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் ஆயில் தள்ளும் வகை. தூக்குவது ஆயில், இறக்குவது கருவியின் எடை. சிலிண்டரில் அடைபட்ட ஆயில் எங்கோ கசிகிறது.

எங்கே என்பதைச் சீட்டுக்கு அடியில் இருக்கும் நாப் சொன்னது. இறங்கும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்த நாப், என் வண்டியைப் போலப் பல வண்டிகளில் கண்ட்ரோல் வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதை முழுக்க மூடிவிட்டால் சிலிண்டர் தனியாகப் பூட்டப்பட்டுவிடும். மூடியபின் இறங்குவது நின்றால் கசிவு கண்ட்ரோல் வால்வு பக்கம். மூடியும் இறங்கினால் சிலிண்டர் பக்கம். என் வண்டியில் மூடிய பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தது.

லிப்ட் மூடியைத் திறந்து பிஸ்டனை வெளியே எடுத்தோம். ஓ-ரிங் ஒரு பக்கம் பிய்ந்து, கருவேலங்காய்த் தோல்போல் விறைத்துக் கிடந்தது. அந்த வழியாக ஆயில் கசிய, கருவி இறங்க, அதை உணர்ந்த கண்ட்ரோல் வால்வு மறுபடி தூக்க, தலையாட்டம் அப்படித்தான் உண்டானது. ஓ-ரிங்கும் அதன் பக்கத்துப் பட்டை வளையமும் சேர்த்து முந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. பிறகொரு நாள் கழற்றிய பழைய பம்பையே திரும்ப மாட்டி அளந்தேன். சூட்டிலும் 155 பார் காட்டியது. இப்போதும் அந்தப் பழைய பம்புதான் வண்டியில் ஓடுகிறது.

இரண்டாவது என் மச்சான் வண்டி. காலையில் நன்றாகத் தூக்கும், ஒரு மணி நேரம் உழுதால் கை விட்டுவிடும். குளிரில் 150 பார் காட்டிய முள், ஆயில் சூடானதும் ஐட்லிங்கில் 90க்கு இறங்கிவிட்டது. வேகத்தைக் கூட்டினால் 130 வரை ஏறியது. இது பம்பு தேய்ந்ததன் அடையாளம். சூட்டில் ஆயில் இளகி, தேய்ந்த கியர்களின் இடைவெளி வழியே பின்னால் நழுவுகிறது. வேகம் கூட்டினால் நழுவுவதைவிடத் தள்ளுவது அதிகமாகி அழுத்தம் ஏறுகிறது. ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் எந்த வேகத்திலும் ஏறக்குறைய ஒரே குறைந்த எண்ணில்தான் முள் நின்றிருக்கும். மச்சான் புதுப் பம்பு போட்டார், லிப்ட் சரியாகிவிட்டது. இந்தப் பெட்டி எப்போதும் காசை மிச்சப்படுத்தித் தரும் என்று சொல்ல மாட்டேன். செலவு செய்ய வேண்டிய இடத்தில் செலவு செய்கிறோம் என்ற உறுதியைத் தரும்.

மூன்றாவது, சேற்றுழவு முடித்து வந்த பக்கத்துத் தோட்டத்து வண்டி. லிப்ட் லீவரைத் தொட்டாலே பம்பு ஊளையிட்டது. கேஜின் முள் கிளிசரினையும் மீறி நடுங்கியது. டிப்ஸ்டிக்கை இழுத்தால் ஆயில் மோர் நிறம். கியர்பாக்ஸும் ஹைட்ராலிக்கும் ஒரே ஆயிலில் ஓடும் வண்டி அது. அச்சு சீல் வழியாகச் சேற்றுத் தண்ணீர் உள்ளே போய், உறிஞ்சும் பக்கத்து ஃபில்டர் சகதியால் அடைத்திருந்தது. போதுமான ஆயில் கிடைக்காமல் பம்பு திணறியிருக்கிறது. சீலையும் ஃபில்டரையும் மாற்றி, ஆயிலை முழுக்க வடித்துப் புதிது ஊற்றியதும் சத்தம் நின்றது. இன்னும் ஒரு மாதம் அப்படியே ஓட்டியிருந்தால் பம்பும் போயிருக்கும்.

குறைகள்

400 பார் கேஜ் மினி டிராக்டருக்குத் தேவையே இல்லை. 1.6 தரம் என்று கேஜில் போட்டிருந்தால், பிழை முழு அளவில் 1.6 சதவீதம் வரை இருக்கலாம் என்று அர்த்தம். 400 பார் கேஜில் அது 6.4 பார், 250 பார் கேஜில் 4 பார். 160 பாரை அளக்க 250 கேஜே போதும். தனியாக வாங்குபவர்கள் அதை மட்டும் வாங்கலாம்.

பெரிய குறை அடாப்டர்கள். ஜப்பானிய வடிவமைப்பில் வரும் வண்டிகளில் கூம்பு மரை இருக்கும். பெட்டியில் இருப்பதெல்லாம் நேர் மரை. கிட்டத்தட்டப் பொருந்துகிறதே என்று முறுக்கினால் வார்ப்பிரும்பு உடம்பே விரிசல் விடும். சரியான அடாப்டருக்காக நான் இன்னொரு முறை கோயம்புத்தூர் போக வேண்டியிருந்தது. வாங்கப் போகும்போதே உங்கள் வண்டியின் பிளக் ஒன்றைக் கழற்றிக் கையில் எடுத்துப் போங்கள்.

மூன்றாவது, இது அழுத்தத்தை மட்டும்தான் அளக்கும். எவ்வளவு ஆயில் ஓடுகிறது என்று காட்டாது. தூக்கும் பலத்தைச் சொல்வது அழுத்தம், தூக்கும் வேகத்தைச் சொல்வது ஓட்டம். லிப்ட் தூக்குகிறது, ஆனால் மெதுவாகத் தூக்குகிறது என்றால், கீழிருந்து மேலே போக எத்தனை நொடி என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பதுதான் நம்மால் முடிந்த வழி.

உயிருக்கும் கைக்கும்

தூக்கிய கருவிக்கு அடியில் தலையையோ காலையோ விடாதீர்கள். கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். 150 பாரில் ஊசித் துளை வழியே வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே முள் குத்தியதுபோல்தான் தெரியும், முதலில் வலிக்கவும் செய்யாது. சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டைப் பயன்படுத்துங்கள். ஆயில் தோலுக்குள் போய்விட்டால் உடனே மருத்துவமனைக்குப் போய், “அழுத்தத்தில் வந்த ஆயில் உள்ளே போயிருக்கிறது” என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கூடுதலாகத் தூக்க வேண்டும் என்று ரிலீஃப் வால்வில் வாஷர் சேர்த்து முறுக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் மேல் 150 பார் அழுத்தினால் உள்ளே ஆறரை டன்னுக்கு மேல் விசை வருகிறது. அந்த விசையைத் தாங்கும்படி கணக்குப் போட்டுத்தான் வண்டியின் உடம்பை வார்த்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஏற்றினால் உடையப்போவது லிப்ட் மூடியும் தண்டும்தான்.

யார் வாங்கலாம்?

ஒரே ஒரு வண்டி வைத்திருப்பவர் தனியாக வாங்க வேண்டியதில்லை. ஊருக்குள் ஐந்தாறு மினி டிராக்டர் இருந்தால் சேர்ந்து ஒரு பெட்டி வாங்குங்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் வாடகைக் கருவி மையங்களில் இது கட்டாயம் இருக்க வேண்டும். பட்டறை வைத்திருக்கும் தம்பிகளுக்கும் சொல்கிறேன், கேஜில் அளந்து காட்டிவிட்டுப் பம்பை மாற்றச் சொன்னால் எந்த விவசாயியும் மறுக்க மாட்டார்.

வண்டி நல்ல நிலையில் இருக்கும்போதே அந்த நான்கு எண்களையும் எடுத்து, தேதியோடு மட்கார்டின் உள்பக்கம் பெயின்ட்டில் எழுதி வையுங்கள். நாளை லிப்ட் மக்கர் செய்தால் ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் வண்டியின் சொந்தக் கணக்கு கையில் இருக்கும். அதுவரை யார் சொன்னாலும் அளக்காமல் பம்பைக் கழற்ற விடாதீர்கள்.