அச்சமும் அவலமும்: ‘த பபடூக்’ திரைப்படம் பற்றிய ஒரு மதிப்பீடு

அச்சம் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்று. அஃது அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினாற் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கொள்கை. திகிற்படங்களை ஆக்குவோருட் பலர் இவற்றுள் முதலாவதைப் பற்றிக்கொண்டு, இருளும் ஓசையும் துணையாகப் பார்ப்போரைத் திடுக்குறச் செய்வதோடு அமைந்துவிடுகின்றனர். திடுக்குறுதல் வேறு, அச்சம் வேறு. முன்னது கணத்தில் மறைவது. பின்னது உள்ளத்தில் நிலைப்பது. இவ்வேறுபாட்டை உணர்ந்து ஆக்கப்பட்ட படங்களுள் ஒன்று, அவுஸ்திரேலியரான ஜெனிபர் கென்ற் எழுதி நெறிப்படுத்தி 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘த பபடூக்’ ஆகும். 2005இல் அவர் ஆக்கிய ‘மொன்ஸ்ரர்’ என்னும் குறும்படத்தின் விரிவே இது.

கதை எளியது. அமெலியா முதியோர் இல்லமொன்றிலே தாதியாகப் பணிபுரியும் கைம்பெண். மகப்பேற்றுக்காக அவளை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற கணவன் வழியில் வாகன விபத்தில் இறந்தான். ஆகவே, மகன் சாமுவேலின் பிறந்தநாளே தந்தையின் இறந்தநாளுமாயிற்று. சிறுவனுக்கு ஏழாண்டு நிறையவிருக்கும் வேளையில், விரித்தவுடன் தாளுருவங்கள் எழுந்து நிற்கும் படப்புத்தகமொன்று வீட்டில் அகப்படுகின்றது. அதிலுள்ள கரிய உருவம் தாயையும் மகனையும் தொடர்கின்றது. கிழித்தெறிந்த புத்தகம், ஒட்டப்பட்டு வாயிற்படிக்கே மீள்கின்றது.

படத்தின் தலையாய சிறப்பு, அச்சத்துக்கு அது காட்டும் நிலைக்களனாகும். இழவு என்பது தொல்காப்பியத்தில் அழுகைக்குரிய நிலைக்களன்களுள் ஒன்று. இப்படத்தில் அழப்படாத இழவே அணங்காக உருக்கொள்கின்றது. கணவன் பெயரைக்கூடப் பிறர் சொல்லக் கேட்க விரும்பாத அமெலியா, அவன் உடைமைகளை நிலவறையிற் பூட்டிவைத்திருக்கின்றாள். பூட்டப்பட்ட துயரமே கதவைத் தட்டுகின்றது. அவள் முன்னர்ச் சிறுவர்க்கென எழுதியவள் என்ற செய்தி, அப்புத்தகம் யாருடைய ஆக்கம் என்ற ஐயத்தையும் நம் உள்ளத்தில் விதைக்கின்றது.

தாயன்பு என்றும் குறைவுபடாதது என்னும் நம்பிக்கையையும் படம் அஞ்சாது ஆராய்கின்றது. மகனை நேசிக்கும் அவளே, அவன் பிறவாதிருந்தால் கணவன் உயிரோடிருப்பான் எனவும் உள்ளூர எண்ணுகின்றாள். இம்முரணை எசி டேவிஸ் குரலாலும் உடற்சோர்வாலும் படிப்படியாக வெளிப்படுத்துகின்றார். சிறுவனாக நடித்த நோவா வைஸ்மனும், முதலிற் சலிப்பையும் பின்னர் இரக்கத்தையும் ஒருங்கே தோற்றுவிக்கின்றார்.

வீட்டின் நீலமும் சாம்பலும் கலந்த நிறங்கள் துக்கத்தின் குளிரை உணர்த்துகின்றன. கணினி உருவங்களைப் பெரிதும் நாடாது ஒளிப்படக் கருவியின் முன்னரே தந்திரக் காட்சிகளை அமைத்தமை, பழைய ஊமைப்படங்களின் சாயலைத் தருகின்றது. நள்ளிரவில் தொலைக்காட்சியிலே மெலியேயின் படத்துண்டுகள் ஓடுவதும் இதற்கு இயைபுடையது.

இனிக் குறைகளை நோக்குவோம். படத்தின் முதல் இரு பங்கிலும், அவ்வுருவம் உண்மையான பேயோ, உறக்கமிழந்த தாயின் மனப்பிறழ்வோ என்னும் ஐயம் நிலவுகின்றது. அதுவே அச்சத்தின் உயிர்நாடி. ஆனால் இறுதிப் பங்கிலே, சிறுவன் காணாவிசையால் மாடிப்படியில் இழுக்கப்படுவதும், தாய் கரிய நீர்மத்தை உமிழ்வதும் பேய்பிடித்த கதைகளிற் பழகிப்போன காட்சிகளே. அவை ஐயத்தைக் குலைத்து, நுண்மையைப் பருமையாக்குகின்றன. துணைப் பாத்திரங்களும் மெலிந்தவை. தமக்கையின் வாழ்வை ஒப்புநோக்க உதவும் தங்கை கிளயர் வன்னெஞ்சின் சின்னமாகவே நின்றுவிடுகின்றாள். பூங்கொத்துடன் வரும் உடன்பணியாளர் காரணமின்றி மறைந்துவிடுகின்றார்.

எனினும், முடிவு இக்குறைகளை ஈடுசெய்கின்றது. பேய் கொல்லப்படவில்லை, நிலவறையில் அடங்கிக் கிடக்கின்றது. அமெலியா நாள்தோறும் புழுக்களை உணவாகக் கொண்டு செல்கின்றாள். மேலே, மகனின் பிறந்தநாள் முதன்முறையாக உரிய நாளிற் கொண்டாடப்படுகின்றது. துயரத்தை அழித்தல் இயலாது. அதற்கோர் இடம் வகுத்து, அதனோடு வாழக் கற்றலே இயலும் என்பது இதன் பொருள். தீமை ஒழிந்தது என்ற எளிய ஆறுதலை மறுத்து, அரிய உண்மையொன்றைத் தந்தமையால், இப்படம் திகிற்படங்களின் வரிசையைக் கடந்து அவலக் கலையின் எல்லையைத் தொடுகின்றது எனல் மிகையன்று.